நெரிசலைச் சுற்றிக்கொண்டு போன தாய்மாமன்

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் வழி கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. சொல்வார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் நாம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டுக்குப் போகிறோம், அங்கே என்ன விசேஷம் என்று நான்கையும் கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவது கேள்வியிலேயே ஓர் உறவுமுறை கிடைத்துவிடும். மூன்றாவதில் டீ சொல்லிவிடுவார்கள். வழி என்பது டீயை ஆற்றிக் குடிக்கும்போதுதான் வரும். எனக்கு அந்தப் பொறுமை எந்த வயதிலும் இருந்ததில்லை. யாரிடமும் கேட்காமல் போய்ச் சேருவதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

என் மனைவி கறம்பக்குடிக்காரி. வழி நன்றாகத் தெரிந்திருந்தாலும், எங்கேயாவது காரை நிறுத்தி யாரையாவது கேட்டால்தான் அவளுக்குப் பயணம் போன திருப்தி. கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி, காரின் இடதுபக்கக் கண்ணாடியை இறக்குவதா வேண்டாமா என்பதைப் பற்றித்தான்.

அதனால் புதிய கார் வாங்கப் போனபோது, முன்பக்கத் திரையில் வழி காட்டுவதோடு எந்த ரோட்டில் எவ்வளவு நெரிசல் என்பதையும் அந்தந்த நேரத்திலேயே காட்டும் என்று கடைக்காரர் சொன்னதும், நான் மைலேஜைக்கூடக் கேட்கவில்லை. ரோடு காலியாக இருந்தால் நீலம். கொஞ்சம் கூட்டம் என்றால் ஆரஞ்சு. முட்டிக்கொண்டு நின்றால் சிவப்பு. வேறு வேகமான வழி இருந்தால் தானாகவே திருப்பிவிடும். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காது. இப்படி ஒரு பிறவிக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று தோன்றியது.

ஆனால் அந்தக் காரை வாங்கியதற்கு உண்மையான காரணம் என் தங்கை.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில் சித்தப்பா இருக்கிறார். தங்கையைக் கட்டிக்கொடுத்தது, அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி போகிற ரோட்டில் உள்ளே பிரிகிற ஒரு கிராமத்தில். தாய்வீடு என்று அவளுக்கு இருப்பது திருச்சியில் வாடகை வீட்டில் குடியிருந்து ஆபீஸ் போய்வரும் நான் ஒருவன்தான். அவளுடைய வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு தாய்வீட்டிலிருந்து போக வேண்டும். விடியற்காலையிலேயே கிண்டி, ஏழு தூக்குவாளியிலும் போட்டுப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அறந்தாங்கி தாண்டியதும் ரோட்டை மறித்திருந்தார்கள். மாட்டுவண்டிப் பந்தயம்.

எங்கள் பக்கத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் தார் ரோட்டில்தான் நடக்கும். பெரிய மாடு ஓடி முடித்து, நடுமாடு ஓடி முடித்து, கடைசியில் சின்ன கரிச்சான் மாடும் ஓடி முடித்தால்தான் ரோடு திறக்கும். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் நூறு பைக் கத்திக்கொண்டே போகும். நான் இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றேன். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டிலேயே எதையோ வடித்துச் சடங்கை முடித்து, பந்தியும் முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் மாமியார் ஒவ்வொரு வாளியாக மூடியைத் திறந்து பார்த்தார். வந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏழு சோறுன்னாக, ஏழும் ஒரே வாசமால்ல இருக்கு” என்றார்.

தங்கை வாளிகளை மூடி உள்ளே எடுத்துப் போனாள். அன்றிலிருந்தே என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். பிரசவத்துக்குச் சித்தப்பா வீட்டுக்குத்தான் வந்தாள். பார்க்கப் போனேன். குழந்தையைக் காட்டினாள், முகத்தைக் காட்டவில்லை. “ஒம் மேல கோவமில்லப்பா. மாமியா வாய்க்கு முன்னாடி நிக்க முடியாமப் போச்சுல்ல, அந்த வருத்தம்” என்று சித்தப்பா சொன்னார். வருத்தமோ கோபமோ, ஒன்றரை வருடம் என் போனை அவள் எடுக்கவில்லை. ஒரு கட்டத்துக்குமேல் நானும் போடுவதை விட்டுவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. பிரயோஜனமில்லாத இடத்தில்தான் அது அதிகமாக வரும்.

அப்புறம் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாசி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகுகாலம். காதுகுத்தில் யார் வராவிட்டாலும் நடக்கும், தாய்மாமன் வராவிட்டால் நடக்காது. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குத்துகிற தோட்டையும் அவன்தான் கொண்டுவர வேண்டும். தங்கை சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: “அண்ணன வரச் சொல்லுங்க. நேரத்துக்கு வரச் சொல்லுங்க.” ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எனக்கென்று அவள் சொன்ன இரண்டே வாக்கியம். அதில் இரண்டாவதைத்தான் நான் பத்து நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் தாமதமானால் அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை என்று அந்த ஊரே முடிவு கட்டிவிடும்.

ஏற்பாடெல்லாம் சித்தப்பா செய்தார். தங்கை ஊர் எல்லையில் ஓர் ஆர்ச் இருக்கிறது. எங்கள் சனம் முழுவதும் சீர்வரிசையோடு அங்கே வந்து கூடுவது. நான் திருச்சியிலிருந்து நேரே அங்கே வந்து சேருவது. அங்கிருந்து செண்டை மேளத்தோடு நடந்து போவது. மாலை போட்டுக்கொண்டு நான் முன்னால், சீர்த்தட்டுகள் பின்னால், ஒரு கிடாய் அதற்குப் பின்னால்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திரையில் தங்கை வீட்டைக் குறித்தேன். ஆர்ச்சைக் குறித்திருக்க வேண்டும். அந்த ஒரு விரல் தொடுகையில்தான் எல்லாமே இருந்தது என்பது அப்போது தெரியாது.

அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஒரு துண்டு ரோடு சிவப்பாகி, வண்டி தானாகவே ஒரு கிளை ரோட்டைக் காட்டியது. திரும்பினேன். தூரத்தில் மெயின் ரோட்டைப் பார்த்தால், வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடக்க, இரண்டு பக்கமும் பஸ்கள் நிற்கின்றன. நாங்கள் தென்னந்தோப்புக்கு நடுவே ஜம்மென்று போய்க்கொண்டிருந்தோம்.

“பாத்தியா?” என்றேன் மனைவியிடம்.

“பாத்தேன், பாத்தேன்” என்றாள். அவளுக்கு அந்தத் திரை பிடிக்கவில்லை. நான் சொல்பேச்சுக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் என்பது அவளுடைய குறை.

அறந்தாங்கி தாண்டும்போது மணி எட்டே முக்கால். இன்னும் அரை மணி நேரம் போதும். பந்தயம் நடக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது கும்பிடு போடாத குறைதான். அன்று ரோடு காலி. அப்போதுதான் தங்கை ஊருக்குச் சற்று முன்னால், சரியாக ஆர்ச் இருக்கும் இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புத் தெரிந்தது. மிளகாய்த் துணுக்கு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. வண்டி அறிவித்தது: முன்னால் கடும் நெரிசல், மாற்று வழி கிடைத்திருக்கிறது. சூடு கண்ட பூனை நான். யோசிக்காமல் திரும்பினேன்.

சித்தப்பா போன் செய்தார். காரின் ஸ்பீக்கரில் அவர் குரல் ஊருக்கே கேட்கும்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“வந்துட்டோம் சித்தப்பா. பத்து நிமிசம்.”

“ஆர்ச்சுலதான் நிக்கிறோம். மேளம் வந்துருச்சு.”

“ஆர்ச்சுக்கு முன்னாடி பெரிய டிராபிக்கா இருக்கு சித்தப்பா. நான் அங்கிட்டு சுத்தி, ஊருக்குள்ள பூந்து, உள்பக்கமா ஆர்ச்சுக்கு வந்துர்றேன்.”

சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறார். “டிராபிக்கா? இங்கயா? ஒரு வண்டி போகல, வரலயேப்பா. நம்ம வண்டிகதான் நிக்குது.”

“அங்க நிக்கிற ஒங்களுக்குத் தெரியாது சித்தப்பா. இது மேல சேட்டிலைட்டுலேருந்து பாத்துச் சொல்லுது.”

“மேலேருந்து பாத்தாத் தெரியுதா?”

“தெரியுது.”

“அப்பச் சரி” என்று வைத்துவிட்டார். அவருக்குப் படித்தவன் பேச்சில் மரியாதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

“ரோட்டுல நிக்கிற மனுசன் ரோட்டுல ஒண்ணும் இல்லங்குறாரு” என்றாள் மனைவி.

“அவருக்குப் பின்னாடி எங்கயாச்சும் மாட்டுவண்டி ஓடும். அவரு எங்க திரும்பிப் பாத்தாரு?”

அந்த மாற்று வழி வடக்கே போய், இரண்டு ஊர் தாண்டி, தங்கை ஊருக்குள் வேறு பக்கமாக நுழைகிறது. பாதி தூரம் போயிருப்போம். திரையில் ஆர்ச்சுப் பக்கத்துச் சிவப்பு இன்னும் நீண்டு கருஞ்சிவப்பாகிவிட்டது. நெரிசல் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் மதிப்பு கூடியது. தப்பித்தேன் பார் என்று மனைவிக்கு மூன்று முறை சொன்னேன்.

மறுபடியும் சித்தப்பா. “என்னப்பா, ஒம்போதே காலாச்சு. பத்து நிமிசம்னியே.”

“வந்துக்கிட்டே இருக்கேன் சித்தப்பா.”

“நாங்க வேணா பயலுகள அனுப்பவா? எந்தப் பக்கமா வாரீங்க?”

“வடக்குப் பக்கமா வாரேன்.” சொல்லிவிட்டு வைத்தேன். ஐந்தாவது நிமிடத்தில், எங்களுக்கு முன்னால் நீலமாகக் கிடந்த அந்த வடக்கு ரோடும் ஊர் ஓரத்தில் ஆரஞ்சானது. அப்புறம் சிவப்பானது. வண்டி கொஞ்சமும் சளைக்காமல் இன்னொரு மாற்று வழியைக் கண்டுபிடித்தது. கண்மாய்க்கரை வழியாக.

பின்னால் தெரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பா இருபது பைக்கில் ஆட்களை அனுப்பி, வடக்கு ரோட்டில் குறுக்கே நிறுத்தி, என் கார் வந்தால் மறித்துக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நின்ற நிலையில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்தத் திரை என்னைத் தேடி வந்தவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றிக் கண்மாய்க்கரைக்கு அனுப்பியது.

கண்மாய்க்கரை ரோடு திரையில் பளிங்கு மாதிரி நீலம். உண்மையிலும் ஓர் ஈ காக்கை இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் ரோடே தெரியவில்லை. ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் இது வழக்கம்தான். களத்தில் மாடு கட்டி மிதிப்பதற்குப் பதிலாகத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்துவிடும். சாயந்தரம் உளுந்தைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். நடுவில் கையில் கம்போடு, தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா நின்றார். என் காரைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

“வாங்க, வாங்க! காலைலேருந்து ஒரு வண்டி வரலங்க. இன்னைக்கின்னு பாத்து எல்லாம் எங்கிட்டுத்தான் போய்த் தொலஞ்சுச்சோ தெரியல. அப்புடியே மேல ஏத்துங்க தம்பி.”

ஏற்றினேன். சரசரவென்று தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தால், அவர் ஓடி வந்து முன்னால் நின்றுகொண்டார். “அப்புடியே ரிவர்சு எடுத்து ஒரு நாலு தடவ ஏத்தி எறக்கிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்.”

“அவசரமாப் போறோம்க்கா” என்றேன் கண்ணாடிக்குள்ளிருந்தே. அதற்குள் இடதுபக்கக் கண்ணாடி இறங்கிவிட்டது. நான் பயந்ததெல்லாம் வரிசைப்படி நடந்தது. எந்த ஊரு? திருச்சி. பொறந்த ஊரு? கறம்பக்குடி. கறம்பக்குடியில எந்தத் தெரு? என் மனைவி தெருவைச் சொன்னாள். அந்தத் தெருவில்தான் அவருடைய சொந்த அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறதாம். என் மனைவி அவர்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வளர்ந்தவளாம். இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? ரிவர்ஸ் எடுத்தேன்.

பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, சட்டைப் பையில் சின்ன டப்பாவில் தங்கத்தோடு. மணி ஒன்பது ஐம்பது. தாய்மாமனாகப் போக வேண்டியவன், யாரோ ஒருவர் வீட்டு உளுந்தின் மேல் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த அக்கா கம்பால் செடியைப் புரட்டிப் போட்டு, “இங்கிட்டு, இங்கிட்டு ஏத்துங்க” என்று வழி சொன்னார். மனைவி இறங்கி அவரோடு பேச நின்றுவிட்டாள்.

ஐந்தாவது தடவை ரிவர்ஸில் வரும்போது திரையைப் பார்த்தேன். நீலமாக இருந்த கண்மாய்க்கரை ஆரஞ்சாகியிருந்தது. அடுத்த தடவை முன்னால் போகும்போது சிவப்பு. வண்டி சொன்னது: முன்னால் நெரிசல், நான்கு நிமிடத் தாமதம்.

நிறுத்திவிட்டு இறங்கினேன். ரோட்டில் இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். உளுந்து இருந்தது. அந்த அக்கா இருந்தார். மனைவி இருந்தாள். கண்மாயில் இரண்டு கொக்கு நின்றன.

“இங்க டிராபிக்குங்குது” என்றேன். “இங்க யாரு இருக்கா?”

மனைவி காருக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்தாள். என் போனைப் பார்த்தாள், தன் கையிலிருந்த போனையும் பார்த்தாள். “நாமதாங்க” என்றாள்.

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“சித்தப்பா, அங்க எத்தன வண்டி நிக்குது?”

“நம்ம வண்டியா? வேன் நாலு. குட்டியானை மூணு. காரு ஒரு பதினஞ்சு இருக்கும். பைக்க யாருப்பா எண்ணுனா?”

“ஆளு?”

“முந்நூறு பேரு இருப்பாக. வெளிநாட்டுலேருந்து லீவுல வந்த பயலுக வேற எல்லாம் வந்துட்டானுக.”

“எல்லாரு கையிலயும் போன் இருக்கா?”

“பின்ன? ஆளுக்கு ரெண்டு வச்சிருக்கானுக. நீ வர்ற வரைக்கும் வேற என்னதான் பண்றது?”

நான் காரின் மேல் சாய்ந்துகொண்டேன். ரோட்டில் நகராமல் நிற்கிற போன்களைத்தான் அந்தத் திரை நெரிசல் என்று எண்ணியிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். காலையிலிருந்து நான் பயந்து பயந்து சுற்றிக்கொண்டு போன அந்த நெரிசல் என் சனம்தான். எனக்காக நின்றார்கள். நான் வராததால் நின்றார்கள். அவர்கள் நின்றதால் நான் வரவில்லை. அவர்கள் நிற்க நிற்க நான் தூரமாகப் போனேன்.

மணி பத்து. இங்கிருந்து ஆர்ச்சுக்குப் போக முக்கால் மணி நேரம். ராகுகாலத்துக்கு அரை மணி நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே வாயைத் திறந்து, தங்கை ஊர்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன்.

“அக்கா, இந்த ஊருக்கு இங்கேருந்து எப்புடிப் போறது?”

அவர் கம்பை நீட்டினார். “அந்தா தெரியுதுல்ல தண்ணித்தொட்டி, அதான் அந்த ஊரு. வரப்புல எறங்கி நடந்தாப் பத்து, பதினஞ்சு நிமிசம். காரு போகாது. சாவியக் குடுத்துட்டுப் போங்க, எங்க வீட்டுக்காரரு ஓட்டுவாரு. அவரு வந்தா மிச்ச உளுந்தும் ஆயிரும்.”

சாவியைக் கொடுத்தேன். மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

“சித்தப்பா, நான் பின்பக்கமா நடந்து நேரா வீட்டுக்குப் போறேன். நீங்க மேளத்த அடிச்சுக்கிட்டுக் கெளம்புங்க.”

“தாய்மாமன் இல்லாம சீரு எப்புடிப்பா போகும்? மாலைய யாரு கழுத்துல போடுறது?”

“யாரு கழுத்துலயாச்சும் போடுங்க சித்தப்பா!” என்று கத்தியபோது ஒரு கால் வாய்க்கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கியது.

யார் கழுத்திலாவது என்பது சொல்லுவதற்குச் சுலபம். எங்கள் பங்காளிகளில் ஒருத்தன் கழுத்தில் தாய்மாமன் மாலையைப் போட்டால் இன்னொருத்தன் ஆயுசுக்கும் பேச மாட்டான். சித்தப்பா மூன்று நிமிடம் யோசித்துவிட்டு, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி, அந்த மாலையைச் சீர்க்கிடாயின் கழுத்தில் போட்டுவிட்டார்.

தங்கை வீட்டின் பின்பக்கம் மாட்டுக்கொட்டகை. அதைத் தாண்டி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொம்பளைகளைத் தாண்டி, சேறும் உளுந்துத் தோலுமாக வீட்டுக்குள் நுழைந்தேன். மணி பத்தேகால். முன்வாசலில் பந்தலுக்குக் கீழே தங்கை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார் ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்த தட்டோடு நின்றார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னைக்கிச் சோறு. இன்னைக்கி ஆளு” என்றார் மாமியார்.

தங்கை கையிலிருந்த போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இந்தா பாருங்கத்தை. ஆர்ச்சுலேருந்து ரோடே செவந்து கெடக்கு. எங்க அண்ணன் அம்புட்டுச் சனத்தோட வாரான்.”

அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போனைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சிவப்பை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் பின்னாலிருந்து, “பாப்பா” என்றேன். சின்ன வயதில் கூப்பிட்டது, வாயில் அதுதான் வந்தது.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். சேற்றுக் காலைப் பார்த்தாள். போனில் இருந்த சிவப்பைப் பார்த்தாள்.

“அப்ப இதுக்குள்ள இருக்குறது யாரு?”

“சித்தப்பா. நம்ம ஆளுக எல்லாரும்.”

போனாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அப்புறம் அழுதாள். “ஒம்போது மணிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இந்தச் செவப்பு ஒரு எட்டு நகரல. வண்டி கிண்டி மோதிருச்சோ, அதுக்குள்ள நீ எப்புடிக் கெடக்குறியோன்னு…”

“ஒரு போன் போட்டிருக்கலாம்ல பாப்பா.”

“நீ போட்டிருக்கலாம்ல.”

மாமியாரிடம் என் கூட்டத்தைப் பெருமையாகக் காட்டியவள், மனசுக்குள் என் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றரை வருட வீம்பு. ஒரு போன் போட்டுக் கேட்பதை விட்டுவிட்டு அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருவரையும் கேட்காமல் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பார்த்தது ஒரே சிவப்பு.

“அழுகுறத அப்பறம் அழுகலாம், நேரம் ஆகுது” என்று என் மனைவிதான் அதட்டினாள். சேற்று வேட்டியோடேயே மணையில் உட்கார்ந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். பிறந்த புதிதில் பார்த்த என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். வீறிட்டது. இரண்டாவது காதைக் குத்தும்போது தூரத்தில் செண்டைச் சத்தம் கேட்டது. மணி பத்து இருபத்தெட்டு. என் வேட்டி நனைந்தது. அன்று என் உடம்பில் பட்ட ஈரத்தில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பத்தே முக்காலுக்கு, நல்ல ராகுகாலத்தில், சீர் வந்து சேர்ந்தது. மேளக்காரர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முந்நூறு பேருக்கும் தட்டுகளுக்கும் முன்னால், ரோஜா மாலை போட்ட கிடாய் வந்தது. வழி நெடுக வாய்க்கு எட்டியவரைக்கும் மாலையைத் தின்றுவிட்டதால், பாதி மாலைதான் மிச்சம். சித்தப்பா அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வந்தார்.

மாமியார் கரைத்த ஆலத்தை வீணாக்குகிறவர் இல்லை. “மால போட்டு முன்னாடி வந்தவனுக்குத்தானே ஆலம்?” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிடாய்க்கு மூன்று சுற்றுச் சுற்றி, அதன் நெற்றியில் பொட்டு வைத்தார். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சமையல்காரர் வந்து கிடாயை அவிழ்க்கப் பார்த்தபோது அவரே குறுக்கே நின்றார். “ஆலம் எடுத்து உள்ள கூப்புட்டத அறுக்குறதாவது? அது சம்பந்தி வீட்டு ஆளு.” அந்தக் கிடாய் இன்றைக்கும் அந்தக் கொட்டகையில் கொழுத்துப்போய் நிற்கிறது. என் மருமகள் அதைத்தான் மாமா என்று கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

பந்தியில் எனக்கு இலை போட்டதும் மாமியார்தான். தண்ணீர் தெளித்துவிட்டு, “இன்னைக்கி எலை எடுக்கல தம்பி. ஒக்காருங்க” என்றார்.

சாயந்தரம் உளுந்துக்கார அக்காவின் வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து விட்டார். பின்சீட்டில் ஒரு பை உளுந்து. ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அதாவது காரில் ஏறி உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் வழியனுப்புவது காரில் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும். இருந்த உறவு முழுவதும் காரைச் சுற்றி வந்து நின்றது. பைக்கில் கிளம்பியவர்கள் முன்னால் நிறுத்திக்கொண்டு பேசினார்கள். சித்தப்பா பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு, காலையில் நடந்ததை அதற்கு முன் கேட்காத யாருக்கோ முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை என் பக்கக் கண்ணாடியில் முழங்கையை வைத்து, இடுப்பில் குழந்தையோடு, ஒன்றரை வருடத்துப் பேச்சையும் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் எஞ்சினைப் போட்டதும் திரையும் விழித்துக்கொண்டது. தங்கை வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் சிவப்பு. கடும் நெரிசல் என்றது. கொட்டகைப் பக்கமாகப் போனால் ஒன்பது நிமிடம் மிச்சமாகும் என்றது. ஏற்கவா, வேண்டாமா என்று இரண்டு பொத்தானைக் காட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

தங்கை தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். “என்னண்ணே சொல்லுது?”

“இங்கேருந்து சீக்கிரம் போகச் சொல்லுது பாப்பா.”

“அது கெடக்கு” என்றாள்.

நான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.